பன்னிரண்டு முறை சொல்ல வைக்காதீர்கள்: கொடுமைக்கு உள்ளானவரைச் சுற்றி ஒரு குழுவை இயங்கச் செய்வது எப்படி

பத்து வயதுச் சிறுமி ஒருத்தி தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைத் தாயிடம் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தாய் அவளை வகுப்பாசிரியையிடம் அழைத்துப் போகிறார். ஆசிரியை தலைமையாசிரியரிடம் அழைத்துப் போகிறார். குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098-க்கு அழைப்பு போகிறது; மறுமுனையில் இருப்பவர் குழந்தையிடம் பேச விரும்புகிறார். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் முதலில் எழுத்தர் கேட்கிறார், பிறகு விசாரணை அலுவலர் கேட்கிறார். அரசு மருத்துவமனையில் மருத்துவர், குழந்தையின் பாதுகாப்பு பற்றி முடிவெடுக்கும் அரசு அமைப்பான குழந்தைகள் நலக் குழுவின் அமர்வில் உறுப்பினர்கள், நீதித்துறை நடுவர், ஆற்றுப்படுத்துநர் (கவுன்சலர்), அரசு வழக்கறிஞர், கடைசியில் சிறப்பு நீதிமன்றம் என்று கணக்கிட்டால், அந்தக் குழந்தை ஒரே கொடுமையைப் பன்னிரண்டு பேரிடம் பன்னிரண்டு முறை சொல்லியிருக்கிறாள். இவர்களில் யாரும் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் கடமையைத்தான் செய்தார்கள். ஆனால் ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியவில்லை.

இந்தப் பன்னிரண்டில் சட்டத்துக்கு உண்மையில் வேண்டியவை நான்கு மட்டுமே: காவல்துறை பதிவு செய்யும் வாக்குமூலம், நடுவர் முன் தரும் வாக்குமூலம், சிகிச்சைக்கும் தடயச் சேகரிப்புக்கும் வேண்டிய அளவில் மருத்துவரிடம் சொல்லும் சுருக்கமான விவரம், நீதிமன்றச் சாட்சியம். மீதி எட்டும் ஒருங்கிணைப்பு இல்லாததால் வருபவை. பாதிக்கப்பட்ட குழந்தைக்காக ஒரு குழுவை அமைப்பது என்பது முதலாவதாக இந்த எட்டையும் இல்லாமல் செய்வதுதான். பாதுகாப்பு, சிகிச்சை, இழப்பீடு, நீதி ஆகிய மற்றவையெல்லாம் அந்த ஒழுங்கின் மீதுதான் நிற்கும்.

இந்த எண்ணம் புதியதன்று. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில் நகரில் 1985-இல், காவல்துறை, மருத்துவர், சமூகப் பணியாளர், அரசு வழக்கறிஞர் ஆகியோர் குழந்தையை ஆளுக்கொரு அலுவலகமாக அலைய வைக்காமல், குழந்தை இருக்கும் ஓரிடத்துக்குத் தாங்கள் வந்து கூடும் மையம் ஒன்று தொடங்கப்பட்டது. ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் 1998-இல் திறக்கப்பட்ட குழந்தைகள் இல்லத்தில், பயிற்சி பெற்ற ஒருவர் குழந்தையோடு பேசுவதை மற்றவர்கள் அடுத்த அறையிலிருந்து பார்க்கிறார்கள். அந்தப் பதிவே நீதிமன்றத்திலும் பயன்படுகிறது. நம் சட்டம் இன்னும் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனாலும் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும், அதன்கீழ் வந்த 2020-ஆம் ஆண்டு விதிகளும் ஒரு குழுவுக்கு வேண்டிய எல்லா உறுப்புகளையும் தந்திருக்கின்றன. அவற்றை ஒன்றாக இயங்கச் செய்யும் பொறுப்பு மாவட்டத்தில் இருப்பவர்களுடையது. இக்கட்டுரை தமிழ்நாட்டு மாவட்டம் ஒன்றை மனத்தில் வைத்து, ஆசிரியர், சமூகப் பணியாளர், செவிலியர், தொண்டு நிறுவன ஊழியர், வழக்கு முடியும்வரை குழந்தைக்குத் துணை நிற்கும் ஆதரவு நபராகப் பணியேற்க விரும்புபவர் ஆகியோருக்காக எழுதப்படுகிறது.

முதல் இருபத்து நான்கு மணி நேரம்

குழந்தை முதலில் யாரிடம் சொல்கிறதோ அவரே குழுவின் முதல் உறுப்பினர். அவர் செய்யவேண்டியது குறைவு, செய்யக்கூடாதது அதிகம். "என்ன நடந்தது?" என்று கேட்டுவிட்டு, குழந்தை சொல்வதை இடைமறிக்காமல் கேட்க வேண்டும். "அவர்தான் செய்தாரா?", "இங்கே தொட்டாரா?" என்று விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்பது, பின்னாளில் குறுக்கு விசாரணையில் "யாரோ சொல்லிக் கொடுத்தது" என்ற வாதத்துக்கு இடம் தரும். "ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்ற கேள்வியை எந்தச் சூழலிலும் கேட்கக் கூடாது, அது குழந்தையின் காதில் குற்றச்சாட்டாகவே விழும். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கவும் கூடாது, ஏனெனில் அந்த வாக்கை நம்மால் காப்பாற்ற முடியாது. "நீ சொன்னது நல்லது, உனக்கு உதவக்கூடியவர்களிடம் மட்டும் நான் சொல்வேன்" என்பது உண்மையானதும் போதுமானதுமான பதில்.

கேட்டு முடித்தவுடன், குழந்தை பயன்படுத்திய சொற்களையே தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். உடலுறுப்புக்குக் குழந்தை வீட்டுவழக்கில் ஒரு சொல் சொல்லியிருந்தால், அதைத் திருத்தி நாகரிகமான சொல்லாக்க வேண்டாம். இந்த ஒரு பக்கக் குறிப்புதான் தலைமையாசிரியருக்கும், 1098-க்கும், குழந்தைகள் நலக் குழுவுக்கும் போகவேண்டியது. குழந்தை போக வேண்டியதில்லை. மேலே சொன்ன எட்டில் மூன்றை இந்தக் குறிப்பே நீக்கிவிடும்.

தகவல் தருவது விருப்பத்துக்கு விடப்பட்டதன்று. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்தது தெரிந்த எவரும் சிறப்பு இளஞ்சிறார் காவல் அலகுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. தம் கீழ்ப் பணியாற்றுபவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை உண்டு. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மீது எந்த வழக்கும் தொடர முடியாது. "முதலில் நிர்வாகக் குழுவில் பேசி முடிவெடுப்போம்" என்று பள்ளிகளில் சொல்லப்படும் பேச்சை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்த நிர்வாகக் குழு கூடுவதற்குள் குற்றம் சாட்டப்பட்டவருக்குச் செய்தி போய்விடுகிறது, குழந்தையின் வீட்டுக்கு உறவினர்கள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அதன்பின் வரும் எல்லாத் துன்பத்துக்கும் அந்த இரண்டு நாள் தாமதமே காரணம்.

தகவல் கிடைத்த காவல்துறை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் அதைத் தெரிவிக்க வேண்டும். அதோடு குழந்தையின் நிலை பற்றிய முதற்கட்ட மதிப்பீட்டை 'பி' படிவத்தில் நலக் குழுவுக்கு அனுப்ப வேண்டும்; குடும்பத்துக்கு என்னென்ன உரிமைகளும் சேவைகளும் உண்டு என்பதை விளக்கும் 'ஏ' படிவத்தை அவர்களிடம் தர வேண்டும். ஒரு மாவட்டத்தில் குழு இயங்குகிறதா இல்லையா என்பதை அறிய, இந்த இரண்டு தாள்களும் நேரத்துக்குப் போகின்றனவா என்று பார்த்தால் போதும்.

வாக்குமூலம் எங்கே பதிவாக வேண்டும் என்பதைக் குழந்தை தேர்ந்தெடுக்கலாம். வீடாக இருக்கலாம், பாட்டி வீடாக இருக்கலாம். இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அலுவலர், சீருடையில்லாமல் வந்து, பெற்றோர் அல்லது குழந்தை நம்பும் ஒருவர் உடனிருக்கப் பதிவு செய்ய வேண்டும். இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. இவை சட்டத்தின் 24, 26-ஆம் பிரிவுகளில் உள்ளவை. காவல் நிலையத்தில் உடன் நிற்பவர் இவற்றைச் சண்டையாகக் கேட்கத் தேவையில்லை. "அம்மா, குழந்தை வீட்டில்தான் பேசும்போலிருக்கிறது, நாளைக் காலை அங்கேயே வந்து எழுதிக்கொள்ள முடியுமா?" என்று முதலிலேயே தொலைபேசியில் கேட்டுவிட்டால் பெரும்பாலான அலுவலர்கள் ஒப்புக்கொள்வார்கள். நிலையத்துக்குப் போய் இரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகு கேட்டால் ஒப்புக்கொள்வது கடினம்.

மருத்துவமனையில்

கொடுமையைக் கேட்டதும் தாய் குழந்தையைக் குளிப்பாட்டிவிடுகிறார். உடுத்தியிருந்த துணியைத் துவைத்துப் போட்டுவிடுகிறார். அது தாய்மையின் இயல்பு, அதற்காக யாரும் அவரைக் கடிந்துகொள்ளக் கூடாது. ஆனால் முன்கூட்டியே தெரிந்தால் தடுக்க முடியும். துணிகளைத் துவைக்காமல், ஈரமாயிருந்தால் நிழலில் உலர்த்தி, பிளாஸ்டிக் பையில் அல்லாமல் தாள் உறையில் வைத்துக் கொண்டு போக வேண்டும். குளித்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போவதால் பயன் இல்லாமல் போய்விடாது. காயங்களைப் பதிவு செய்வதும் சிகிச்சையும் எப்போதும் தேவை.

நேரம் மிக முக்கியம். அவசரக் கருத்தடை மாத்திரையை எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் தருவது நல்லது, ஆனாலும் ஐந்து நாள் வரை தரலாம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்கு எழுபத்திரண்டு மணி நேரம் எல்லை, அதைத் தொடங்கிய பின் இருபத்தெட்டு நாள் தொடர வேண்டும். எழுபத்திரண்டு மணி கழிந்தாலும் தடயம் எடுக்க முயலலாம். மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல் தொண்ணூற்றாறு மணி நேரம் வரை தடயம் எடுக்கச் சொல்கிறது. முதல் தகவல் அறிக்கை இன்னும் பதிவாகவில்லை என்பதற்காக மருத்துவர் காத்திருக்கத் தேவையில்லை; காவல்துறையின் கடிதமோ நடுவரின் உத்தரவோ வேண்டும் என்று கேட்கக் கூடாது என்பதை விதிகள் வெளிப்படையாகச் சொல்கின்றன. சிகிச்சை இலவசம், தனியார் மருத்துவமனையிலும் அப்படியே. சிறுமியைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். பிறப்புறுப்பில் விரல்களை விட்டுப் பார்க்கும் இரு விரல் பரிசோதனை கூடவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் மீண்டும் ஒருமுறை கண்டிப்புடன் சொல்லியிருக்கிறது. குழந்தை "வேண்டாம்" என்று சொல்லும் எந்தக் கட்டத்திலும் பரிசோதனையை நிறுத்திவிட்டு, சிகிச்சையை மட்டும் தொடர முடியும் என்பதை உடன் செல்பவர் நினைவில் கொள்ள வேண்டும்.

மருத்துவமனையில் குழுவுக்கு உரிய வேலை ஒன்று உண்டு: குழந்தையை வெளிநோயாளர் வரிசையில் நிற்க வைக்காமல் நேராக உள்ளே அழைத்துச் செல்ல ஓர் ஏற்பாட்டை முன்பே செய்து வைப்பது. ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் இதற்கென ஒரு செவிலியரின் பெயரும் தொலைபேசி எண்ணும் எல்லாக் குழு உறுப்பினரிடமும் இருந்தால், பாதி வேலை முடிந்த மாதிரி. "போக்சோ கேஸ்" என்று நடைபாதையில் குரல் கொடுத்து அழைக்கும் வழக்கம் ஒழிவதற்கும் இதுவே வழி.

நூலைப் பிடித்திருப்பவர்

பத்துத் துறைகள் சேர்ந்தால் குழு ஆகிவிடாது. தொடக்கம் முதல் தீர்ப்பு வரை யாரேனும் ஒருவர் நூலின் முனையை விடாமல் பிடித்திருக்க வேண்டும். விதிகள் அவரை ஆதரவு நபர் என்று அழைக்கின்றன. குழந்தை, பெற்றோர் ஆகியோரின் இசைவோடு குழந்தைகள் நலக் குழு அவரை நியமிக்கிறது; அந்த நியமனம் சிறப்பு நீதிமன்றத்துக்கு இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் தெரிவிக்கப்பட வேண்டும்; வழக்கு முடியும்வரை அவர் மாதந்தோறும் நலக் குழுவுக்கு அறிக்கை தர வேண்டும். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், ஆதரவு நபர் தேவையா என்பதைப் பெற்றோரின் விருப்பத்துக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது, அந்த உதவி இருப்பதையும் அதைக் கேட்பது உரிமை என்பதையும் ஒவ்வொரு வழக்கிலும் தெரிவிக்க வேண்டும் என்று சொன்னது. நடைமுறையில் பல குடும்பங்களுக்கு இப்படி ஒருவர் உண்டு என்பதே தெரியாது. ஆகவே நலக் குழுவின் முதல் அமர்விலேயே எழுத்து மூலம் கேட்டுவிடுவது நல்லது.

ஆதரவு நபர் ஆற்றுப்படுத்துநரும் அல்லர், வழக்கறிஞரும் அல்லர். அவருடைய பணி எளிய சொற்களில் சொன்னால் இது: அடுத்தது என்ன என்று குழந்தைக்கும் தாய்க்கும் முன்கூட்டிச் சொல்வது, ஒவ்வொரு துறையும் செய்யவேண்டியதைச் செய்ததா என்று கேட்டுக்கொண்டே இருப்பது, குழந்தை ஒருமுறை சொன்னதை மறுமுறை சொல்ல வேண்டிய நிலை வந்தால், அதற்கு மாற்றாக ஆவணம் ஏதேனும் இருக்கிறதா என்று பார்ப்பது. அவர் குழந்தையின் சாட்சியத்தைப் பற்றிக் குழந்தையிடம் பேசவே கூடாது. என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு சொல் எடுத்துக் கொடுத்தாலும் வழக்கு பாழாகும், குழந்தையின் உண்மையும் பழுதாகும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இடப்பக்கத்தில் தேதி, நடந்தது; வலப்பக்கத்தில் அடுத்து நடக்க வேண்டியது, யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்பவை. குழந்தையின் பெயருக்குப் பதிலாக ஒரு எண்ணை எழுதுங்கள்.

குழுக் கூட்டம்

குழந்தைகள் நலக் குழுவின் தலைவரோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரோ கூட்டத்தை அழைப்பதே முறை. முதல் கூட்டம் முதல் வாரத்துக்குள் நடந்துவிட வேண்டும். விசாரணை அலுவலர், ஆதரவு நபர், மருத்துவமனையின் பொறுப்புச் செவிலியர் அல்லது மருத்துவர், ஆற்றுப்படுத்துநர், இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் ஆகியோர் போதும். பள்ளித் தலைமையாசிரியர் பள்ளி பற்றிய பகுதிக்கு மட்டும் வந்து போகலாம். குழந்தையை அந்த மேசைக்கு அழைக்க வேண்டாம். குழந்தையின் விருப்பத்தை ஆதரவு நபர் முன்பே கேட்டு வந்து சொல்லட்டும்.

கூட்டத்தில் கொடுமையின் விவரங்களைப் பேசத் தேவையில்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அது விசாரணை அலுவலரின் கோப்பில் இருக்கிறது; அங்கேயே இருக்கட்டும். கூட்டத்துக்கு உரிய கேள்விகள் வேறு. குழந்தை இன்றிரவு எங்கே தூங்குகிறாள், அந்த வீட்டுக்குக் குற்றம் சாட்டப்பட்டவர் வர முடியுமா, வீட்டில் வேறு குழந்தைகள் உண்டா, குடும்பத்துக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது, மருந்து யார் வாங்கித் தருகிறார்கள், நடுவரிடம் எந்தத் தேதியில் அழைத்துப் போகிறோம், அன்று பள்ளித் தேர்வு இருக்கிறதா? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பெயரும் ஒரு தேதியும் விடையாக வராவிட்டால் கூட்டம் கலையக் கூடாது.

யாருக்கு எது தெரிய வேண்டும் என்பதும் இங்கேதான் முடிவாகிறது. பள்ளிக்குத் தெரிய வேண்டியது, குழந்தைக்கு எந்த நாள்களில் விடுப்பு வேண்டும், யார் வந்தால் அழைத்துப் போக விடக் கூடாது என்ற இரண்டுதான். ஆற்றுப்படுத்துநருக்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டாம். காவல்துறைக்கு ஆற்றுப்படுத்துதலின் குறிப்புகள் வேண்டாம். குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைப் போக்சோ சட்டமும் இளைஞர் நீதிச் சட்டமும் தடுக்கின்றன. அந்தத் தடை செய்தித்தாளுக்கு மட்டும் அன்று, வாட்ஸ்அப் குழுக்களுக்கும் பொருந்தும். துறைகளுக்கு இடையிலான வாட்ஸ்அப் குழுவில் முதல் தகவல் அறிக்கையைப் படமெடுத்துப் போடுவது வசதியானதுதான். ஆனால் அந்தப் படம் எத்தனை கைபேசிகளில் தங்கும், எந்தக் குடும்பத்துப் பிள்ளை அதைத் திறந்து பார்க்கும் என்று நம்மில் யாரும் சொல்ல முடியாது.

வீடு

குற்றம் செய்தவர் அதே வீட்டில் இருப்பவராயின், குழந்தையை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும்; அக்குழு மூன்று நாள்களுக்குள் குழந்தை எங்கே இருப்பது நல்லது என்று முடிவு செய்ய வேண்டும். இங்கே நாம் எளிதாகச் செய்யும் பிழை, குழந்தையை இல்லத்துக்கு அனுப்பிவிட்டு "பாதுகாப்பாக இருக்கிறாள்" என்று கோப்பை மூடுவது. குழந்தையின் கணக்கில் நடந்தது என்ன? உண்மையைச் சொன்னதற்குத் தன் வீடும் தாயும் பள்ளியும் பறிபோயின; கொடுமை செய்தவர் மட்டும் அங்கேயே இருக்கிறார். தாயோடு சேர்ந்து பாட்டி வீட்டிலோ சித்தி வீட்டிலோ இருக்க வழியுண்டா என்று தேடிப் பார்த்து, ஒன்றும் இல்லாதபோதுதான் இல்லம்.

வருமானம் தந்தவரே குற்றவாளியானால் வீட்டில் அடுப்பு எரியாது. சாட்சிகள் சொன்னதை மாற்றிச் சொல்லி வழக்குகள் பிறழ்வதற்கு இதைவிடப் பெரிய காரணத்தை நான் கண்டதில்லை. மூன்றாம் வாரத்தில் மளிகைக் கடன் ஏறும், வாடகை நிற்கும், "ஒரே ஒரு கையெழுத்துப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று பெரியவர்கள் வந்து உட்காருவார்கள். தாயின் மன உறுதியைக் குறை சொல்வதற்கு முன், நாம் அரிசிக்கு ஏற்பாடு செய்தோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். உணவு, உடை, போக்குவரத்து போன்ற அவசரத் தேவைக்கு உடனடி நிதி தர நலக் குழு பரிந்துரைக்கலாம், அது ஒரு வாரத்துக்குள் கிடைக்க வேண்டும் என்கிறது போக்சோ விதிகளின் 8-ஆம் விதி. அதற்கு அடுத்த விதி, முதல் தகவல் அறிக்கை பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீடு வழங்கலாம், உத்தரவு வந்த முப்பது நாளுக்குள் அரசு அதைத் தர வேண்டும் என்கிறது. தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பது தவறான எண்ணம்; குற்றவாளி விடுதலையானாலும், ஆள் யாரென்றே தெரியாமல் போனாலும் இழப்பீட்டுக்கு வழியுண்டு. ஆகவே சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் முதல் மாதத்திலேயே இடைக்கால இழப்பீட்டு மனுவைத் தாக்கல் செய்தாரா என்பது ஆதரவு நபரின் நோட்டில் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டிய வரி.

நீதிமன்றம்

புலன் விசாரணை இரண்டு மாதத்துக்குள் முடிய வேண்டும் என்கிறது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. குழந்தையின் சாட்சியத்தை நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொண்ட முப்பது நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்றும், விசாரணையை இயன்றவரை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்றும் போக்சோ சட்டத்தின் 35-ஆம் பிரிவு சொல்கிறது. வழக்குகள் நீள்வதுண்டு, அப்படி நீளும்போது குழந்தையின் வளர்ச்சி நிற்பதில்லை. பத்து வயதில் சொன்னதைப் பதின்மூன்று வயதில் கேட்டால், அவள் வேறொரு பிள்ளையாக இருப்பாள், வெட்கம் கூடியிருக்கும், நினைவின் ஓரங்கள் தேய்ந்திருக்கும். அரசு வழக்கறிஞரோடு குழு தொடர்ந்து பேச வேண்டியது இதற்காகத்தான்.

சாட்சியத்துக்கு முந்தைய வாரத்தில், நீதிமன்றம் கூடாத ஒரு மாலைப் பொழுதில் குழந்தையை அந்த அறைக்கு அழைத்துப் போங்கள். நீதிபதி எங்கே உட்காருவார், அவள் எங்கே உட்காருவாள், கழிப்பறை எங்கே, தண்ணீர் எங்கே என்று காட்டுங்கள். "தெரியாது", "மறந்துவிட்டது", "கேள்வி புரியவில்லை" ஆகிய மூன்றும் நல்ல விடைகள்தான் என்று சொல்லிக் கொடுங்கள். சொல்லிக் கொடுக்கக்கூடியது அவ்வளவுதான். வழக்கறிஞர்கள் குழந்தையிடம் நேரடியாகக் கேட்காமல் நீதிபதி வழியாகவே கேட்க வேண்டும், இடையிடையே ஓய்வு தர வேண்டும், குழந்தையைத் திரும்பத் திரும்ப அழைக்கக் கூடாது, குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படக் கூடாது, விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும் என்பவையெல்லாம் சட்டம் தந்தவை. அன்று காலை வாயிலில் யார் குழந்தையை இறக்கிவிடுகிறார்கள், குற்றம் சாட்டப்பட்டவரின் உறவினர்கள் நிற்கும் மரத்தடியைத் தவிர்த்து எந்த வழியாக உள்ளே போவது என்பதைச் சட்டம் சொல்லாது. அதை ஆதரவு நபர் முதல் நாளே நடந்து பார்த்து வைத்திருக்க வேண்டும்.

பிணை மனு, தேதி மாற்றம் ஆகியவை பற்றிய தகவல் குடும்பத்துக்கு முன்பே வந்து சேர வேண்டும். தெருவில் திடீரென்று குற்றம் சாட்டப்பட்டவரைக் கண்ட பிறகுதான் அவர் பிணையில் வெளியே வந்தது தெரிகிறது என்ற நிலை எந்தக் குழந்தைக்கும் வரக் கூடாது.

பதினெட்டைக் கடந்தவர்களுக்கு

இதுவரை சொன்னவை குழந்தைகளுக்கு. அறிவுசார் குறைபாடு உள்ள முப்பது வயதுப் பெண்ணுக்கோ, பிள்ளைகளால் அடிக்கப்படும் எண்பது வயது முதியவருக்கோ இதே குழு தேவை. ஆனால் இவர்களுக்குக் குழந்தைகள் நலக் குழு போல, கூட்டத்தை அழைக்க இயல்பான ஓர் அமைப்பு இல்லை. மூளை முடக்குவாதம் கொண்ட, வயதில் பெரியவரான ஒரு பெண்ணின் வழக்கில், மனவயது எதுவானாலும் போக்சோ சட்டத்தில் குழந்தை என்பது பதினெட்டு வயது நிறையாதவரையே குறிக்கும் என்று 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே யார் அழைப்பது என்பதை நாமே முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். பெண்ணாயின் மாவட்ட ஒருங்கிணைந்த சேவை மையத்தின் நிர்வாகி அதற்குப் பொருத்தமானவர். 181 எண்ணில் அந்த மையத்தை அணுகலாம். மாற்றுத்திறனாளியாயின் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 7-ஆம் பிரிவின்படி கொடுமை பற்றி நிர்வாக நடுவரிடம் எவரும் தகவல் தரலாம்; அவர் மீட்பு, பாதுகாப்பு உத்தரவுகளைப் பிறப்பிக்கலாம். உடல் அல்லது மனக் குறைபாடு உள்ளவர் பாலியல் குற்றம் பற்றிப் புகார் தரும்போது, காவல்துறை அவருடைய இருப்பிடத்துக்கே வந்து, சிறப்புக் கல்வியாளர் அல்லது மொழிபெயர்ப்பாளர் உடனிருக்கப் பதிவு செய்ய வேண்டும். அவர் நடுவர் முன் தரும், ஒளிப்பதிவு செய்யப்பட்ட வாக்குமூலமே முதல் விசாரணைச் சாட்சியமாக ஏற்கப்படும். பிறகு குறுக்கு விசாரணை மட்டும்தான். தொடக்கத்தில் சொன்ன, சட்டத்துக்கு வேண்டிய நான்கு முறை மூன்றரையாகக் குறைகிறது என்று சொல்லலாம். இதைப் பயன்படுத்த, அவருடைய சைகைகளும் அவருக்கே உரிய சொற்களும் தெரிந்த சிறப்புக் கல்வியாளரை நடுவர் முன் போகும் தேதிக்கு வெகு முன்பே கண்டுபிடித்துப் பழக விட வேண்டும். அன்று காலையில் வந்து சேரும் அந்நியரிடம் அவர் பேசமாட்டார்.

முதியவர்களுக்கு 14567 என்ற உதவி எண் உண்டு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007-இன்கீழ் வருவாய்க் கோட்டாட்சியரின் தலைமையில் தீர்ப்பாயம் இருக்கிறது. முதியவரால் இயலாதபோது அவர் அதிகாரமளித்த வேறொருவரோ ஓர் அமைப்போ மனுச் செய்யலாம். பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எழுதி வாங்கிய சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் திரும்பப் பெற 23-ஆம் பிரிவு வழி தருகிறது. அதற்கு அந்த நிபந்தனை பத்திரத்தில் இருக்கிறதா என்று வழக்கறிஞர் முதலில் பார்க்க வேண்டும்.

குழந்தைக்கும் பெரியவருக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. குழந்தையின் விஷயத்தில் தகவல் தருவது கட்டாயம். தன் விருப்பத்தைத் தானே சொல்லக்கூடிய பெரியவர், "என் மகன்மீது வழக்கு வேண்டாம், அடிக்காமல் இருந்தால் போதும்" என்று சொன்னால், அவரைத் தாண்டிக் குழு ஓடக் கூடாது. உயிருக்கு ஆபத்து இருக்கிறதா என்பதை மட்டும் நேர்மையாகச் சொல்லிவிட்டு, அவர் ஒப்புக்கொள்ளும் அளவில் உதவி தொடங்க வேண்டும்: வாரம் ஒருமுறை செவிலியர் வந்து பார்ப்பது, ஓய்வூதிய அட்டை அவர் கையிலேயே இருப்பது, பக்கத்து வீட்டாரிடம் ஓர் எண் இருப்பது. மகன் அறையில் இருக்கும்போது அவருடைய விருப்பத்தைக் கேட்கக் கூடாது. ரத்த அழுத்தம் பார்க்கும் சாக்கில் செவிலியர் தனியே கேட்பது நல்ல வழி. பேச்சே குறைந்தவர், மறதி நோயுள்ளவர் ஆகியோருக்கும் தம் விருப்பத்தைக் காட்டும் வழிகள் உண்டு. அவர் எந்தக் கையைத் தட்டிவிடுகிறார், யார் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்பதைக் கவனித்து எழுதி வைப்பவர் குழுவில் ஒருவர் இருக்க வேண்டும்.

தீர்ப்புக்குப் பின்

தீர்ப்பு வந்த நாளோடு துறைகள் விலகிவிடுகின்றன. ஆனால் மேல்முறையீடு வரும். தண்டனை நிறுத்திவைக்கக் கோரும் மனு வரும். அவற்றை யார் குடும்பத்துக்குச் சொல்வார்கள் என்று கடைசிக் கூட்டத்தில் பெயர் குறிக்கப்பட வேண்டும். விடுதலைத் தீர்ப்பாக இருந்தால், நீதிமன்றத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஆற்றுப்படுத்துநர் உடன் இருக்க வேண்டும், "நான் பொய் சொன்னதாக ஆகிவிட்டதா?" என்று குழந்தை கேட்கும். அரசு வழக்கறிஞர் மேல்முறையீட்டுக்குப் பரிந்துரைப்பாரா என்பதை அந்த வாரமே கேட்டறிய வேண்டும். இல்லத்தில் வளர்ந்த பிள்ளை பதினெட்டைத் தொடும்போது இளைஞர் நீதிச் சட்டத்தின் பின்காப்பு உதவி இருபத்தொரு வயது வரை உண்டு. விண்ணப்பம் பிறந்த நாளுக்கு ஆறு மாதம் முன்பே போவது நல்லது.

ஆதரவு நபரின் நோட்டை அதன்பின் உறையிலிட்டு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஒப்படைத்துவிட வேண்டும். வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒப்படைக்கும் முன், குழந்தை எத்தனை முறை சொல்ல நேர்ந்தது என்பதைக் கடைசிப் பக்கத்தில் எண்ணி எழுதுங்கள். அடுத்த வழக்கின் முதல் கூட்டத்தில் அந்த எண்ணை மேசையில் வையுங்கள். எந்த முறையைத் தவிர்த்திருக்கலாம் என்று அங்கே இருப்பவர்களையே கேளுங்கள்.